மேல்வீட்டு அன்ரியின் கவிதைக்கு நான் சொன்ன தமிழ்

என் வயதுக்காரர் எல்லோரும் இப்போது ஐம்பதை நெருங்கிவிட்டோம். டென்மார்க்கில் வளர்ந்த எங்களில் இரண்டு பேர் ஏதாவது கலியாண வீட்டில் சந்தித்தால், முழங்கால் வலியையும் பிள்ளைகளின் வேலையையும் கதைத்து முடித்துவிட்டு ஒரு கட்டத்தில் அந்தப் பழைய உத்தியோகத்துக்கு வந்துவிடுவோம். உங்களுக்குத் தெரியும், பத்து வயதில் நாங்கள் எல்லோரும் மொழிபெயர்ப்பாளர்கள். அம்மாவின் வயிற்று நோவை டொக்டருக்குச் சொன்னது நாங்கள். கொம்மூன் என்ற நகரசபை அலுவலகத்திலிருந்து வந்த கடிதத்தை அப்பாவுக்கு வாசித்தது நாங்கள். தன்னைப் பற்றிய வாத்தியாரின் முறைப்பாட்டைத் தானே தகப்பனுக்குப் புகழ்ச்சியாக மாற்றிச் சொன்னவனும் எங்களுக்குள் இருக்கிறான். அந்தக் கதையை அவன் எத்தனை தரம் சொன்னாலும் சிரிப்போம்.

நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். நான் மாற்றிச் சொன்ன ஒன்றை மட்டும் உங்கள் யாருக்கும் சொன்னதில்லை.

நாங்கள் அப்போது யூட்லாந்து தீபகற்பத்தின் மேற்குக் கரையில் ஒரு சிறிய துறைமுக ஊரில் இருந்தோம். மஞ்சள் செங்கல் மாடிவீடுகள் நாலு வரிசை, அதற்கப்பால் மணல் மேடுகள், அதற்கப்பால் கடல். காற்று ஓய்ந்த நாள் ஒன்றுகூட எனக்கு நினைவில் இல்லை. அம்மாவும் அப்பாவும் மீன் தொழிற்சாலையில் வேலை செய்தார்கள். அவர்கள் வீட்டுக்கு வந்து எவ்வளவு சவர்க்காரம் போட்டுக் கழுவினாலும் கையில் ஹெரிங் மீனின் வாடை இருக்கும். பாடசாலையில் என் மேல்சட்டையிலும் அது இருந்தது. பக்கத்தில் இருந்த டெனிஷ் பிள்ளை தன் கதிரையை ஒரு சாண் தள்ளிப் போடும். என் கதிரைப் பக்கம் நெருங்கி இருந்தவள் ஒருத்திதான். அவளின் மேல்சட்டையிலும் அதே வாடை இருந்தது.

அவள் மேல்வீட்டு அன்ரியின் மகள். என்னைவிட ஒரு வயது மூத்தவள். தாயும் மகளும் மட்டும்தான் அந்த வீட்டில். அவர்கள் பாலஸ்தீனர்கள். அன்ரி பிறந்ததே லெபனானில், அகதி முகாமில். அங்கே சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவர். முகாமைச் சுற்றி வளைத்துச் சண்டை நடந்தபோது, தண்ணீர் எடுக்கப் போன அவருடைய கணவர் திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு ஆறு வயது மகளையும் கூட்டிக்கொண்டு எப்படியோ டென்மார்க் வந்து சேர்ந்தார்.

அவர் கவிஞர் என்பது எங்களுக்கு முதலில் தெரியாது. தொழிற்சாலையில் அம்மாவும் அவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று மீன் துண்டுகளில் மிச்சமிருக்கும் முள்ளை எடுப்பார்கள். அவருடைய உதடு ஓயாமல் அசைந்துகொண்டே இருக்குமாம். செபிக்கிறார் என்று நினைத்து மேற்பார்வை செய்த டெனிஷ் மனுசியும் ஒன்றும் சொல்வதில்லை. கோப்பி குடிக்க விடும் பத்து நிமிடத்தில் அவர் கையுறையைக் கழற்றிவிட்டு, பெட்டிகளில் ஒட்டும் சீட்டைத் திருப்பி அதில் வலமிருந்து இடமாக எழுதுவார். குளிரில் விறைத்த விரல், ஈரச் சீட்டு, பாதி எழுத்து கரைந்துபோகும். வீட்டுக்கு வந்து அதை ஒரு கறுப்பு மட்டைக் கொப்பியில் பிரதி பண்ணுவார்.

"இவ ஏதோ எழுதுறா பிள்ளை, என்னெண்டு ஒருக்கா அவளிட்ட கேள்," என்று அம்மா ஒருநாள் என்னிடம் சொன்னார். நான் மகளிடம் கேட்டேன். கவிதை என்றாள். என்ன கவிதை என்றேன். சண்டையைப் பற்றித்தான், அம்மாவுக்கு வேறொன்றும் எழுத வராது என்று அலுத்துக்கொண்டாள்.

அதிலிருந்து சனிக்கிழமைப் பின்னேரங்களில் அன்ரி எங்கள் குசினிக்கு வரத் தொடங்கினார். நீண்ட கைபிடி வைத்த பித்தளைச் சட்டியில் ஏலக்காய் போட்ட கோப்பி கொண்டுவருவார். அம்மா இஞ்சித் தேநீர் போட்டு, கடலை வடை சுடுவார். இரண்டு பெண்களுக்கும் பொதுவாக ஒரு மொழியும் இல்லை. அன்ரி அரபியில் சொல்வார், மகள் அதை டெனிஷில் எனக்குச் சொல்வாள், நான் தமிழில் அம்மாவுக்குச் சொல்வேன். அம்மாவின் பதில் அதே வழியால் திரும்பிப் போகும். ஒரு பகிடி மேசையைச் சுற்றி வருவதற்குள் சொன்னவர் சிரிப்பை மறந்துவிடுவார். நாங்கள் இரண்டு பேரும் வேண்டுமென்றே பிழையாகச் சொல்லிக் குழப்பியதும் உண்டு. அம்மா அவ்வளவு சிரித்த காலம் அதற்குப் பிறகு வரவில்லை.

அந்த இலையுதிர் காலத்தில் ஊர் நூலகத்தில் ஒரு பின்னேரம் கூட்டம் வைத்தார்கள். புதிதாக வந்திருக்கும் அயலவரை அறிந்துகொள்வதற்கான கூட்டம் என்றார்கள். அன்ரி எழுதுகிறவர் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும், வாசிக்கக் கூப்பிட்டார்கள். அவர் கரும்பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு, கையில் கொப்பியும் பேரீச்சம்பழம் வைத்துச் சுட்ட பலகாரத் தட்டுமாகப் போனார். நானும் அம்மாவும் இரண்டாவது வரிசையில் இருந்தோம்.

அவர் வாசித்தது தண்ணீர்க் குழாய்க்குப் போகும் பாதையைப் பற்றிய கவிதை. முகாமில் அந்தப் பாதைக்கு எத்தனை அடி, எந்த அடியில் குனிய வேண்டும், எந்த அடியில் ஓட வேண்டும், எந்த அடியில் யார் விழுந்தார் என்று வரிசையாகச் சொல்லிப் போகும். மகள் பக்கத்தில் நின்று டெனிஷில் சொன்னாள். பதினொரு வயதுக் குரல். முடிந்ததும் யாரும் கைதட்டவில்லை. கதிரைகள் கிறீச்சிட்டன. பிறகு ஒரு வயதான ஐயா எழுந்து, நன்றி சொல்லி, உங்கள் நாட்டின் இயற்கையைப் பற்றி ஏதாவது அழகான கவிதை இருக்கிறதா என்று பண்பாகக் கேட்டார். அவர் நல்ல மனிதர், எங்களுக்குச் சைக்கிள் தந்தவர்.

அன்ரி யோசித்துவிட்டுப் பதில் சொன்னார். என் நாட்டை நான் கண்டதில்லை, அதன் மரங்களை என் தகப்பனின் பேச்சில் மட்டும்தான் கேட்டிருக்கிறேன், தண்ணீருக்குப் போகும் பாதையைத்தான் என் கண்ணால் கண்டேன், கண்டதைத்தானே எழுதலாம் என்றார். மகள் அதை அப்படியே சொன்னாள். ஐயா தலையாட்டிவிட்டுத் திரும்பக் கதிரையில் இருந்தார். அடுத்த கிழமை உள்ளூர்ப் பத்திரிகையில் அன்ரியின் படம் வந்தது. கையில் பலகாரத் தட்டு. கீழே பலகாரத்தின் செய்முறை. கவிதை எழுதுகிறவர் என்று ஓர் எழுத்துக்கூட இல்லை. அம்மா அந்தப் படத்தை வெட்டிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினார். பேப்பரில் வந்திருக்கிறா என்று எங்களுக்குப் பெருமை. அன்ரி அதைப் பார்த்துச் சிரித்தார். அது என்ன சிரிப்பு என்று எனக்கு இப்போதுதான் விளங்குகிறது.

ஒக்ரோபரில் ஒரு சனிக்கிழமை காலை. அம்மா கூடுதல் வேலைக்குப் போயிருந்தார். தொலைபேசி அடித்தது, அப்பா எடுத்தார். லண்டனிலிருந்து பெரியப்பா. அப்பா ஓம், ஓம் என்று மட்டும் சொல்லிக்கொண்டே சுவரோடு சரிந்து நிலத்தில் இருந்தார். நான் வாசலில் நின்றேன்.

அம்மாவின் தம்பி, என் சின்ன மாமா, போர் நடந்துகொண்டிருந்த எங்கள் ஊரில் காலையில் பாண் வாங்க பேக்கரி வாசலில் வரிசையில் நின்றிருக்கிறார். ஷெல் விழுந்திருக்கிறது. அவருக்கு இருபத்துமூன்று வயது. நாங்கள் டென்மார்க் வருவதற்கு முன் எங்களோடு இருந்த காலத்தில் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு கடலுக்குப் போவார். அலை முழங்காலுக்கு வந்தால் போதும், வீடு வாசல் எல்லாம் அவருக்கு மறந்துவிடும். அம்மா கத்திக் கூப்பிட்டுத்தான் கரையேற்ற வேண்டும். தாய் இல்லாத தம்பியை அம்மாதான் வளர்த்தவர்.

அப்பா என்னைக் கிட்டக் கூப்பிட்டு, இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"அம்மாக்கு இப்ப சொல்லக்கூடாது பிள்ளை. போனமுறை மாதிரி ஏதும் நடந்திடும். குழந்தை பிறக்கட்டும், பிறகு நான் ஆறுதலாச் சொல்லுறன். உனக்கும் எனக்கும்தான் தெரியும். என்ன?"

அம்மாவுக்கு அப்போது ஐந்து மாதம். அதற்கு முந்தியது ஆறாம் மாதத்தில் தவறிப்போயிருந்தது. நான் ஓம் என்றேன். அப்பா அவரளவில் சரியாகத்தான் யோசித்தார். அதை நான் எப்போதும் சொல்வேன். ஆனால் பத்து வயதுப் பிள்ளை அதை எங்கே கொண்டுபோய் வைக்கும் என்று அவர் யோசிக்கவில்லை.

அம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் தம்பிக்குக் கடிதம் எழுதுவார், சண்டையால் பதில் வர மாதக்கணக்காகும். நீல நிற விமானத் தாள், மூன்று பக்கமும் மடித்து ஒட்டுவது. நவம்பரில் அவர் பிரசவ விடுப்பு எடுத்து வீட்டில் இருக்கத் தொடங்கிய பிறகு கிழமைக்கு இரண்டு எழுதினார். கவனமாய் இரு, ரோட்டில் நிற்காதே, குழந்தைக்கு நீதான் பெயர் வைக்க வேண்டும். ஒட்டுவதற்கு முன் என்னைக் கூப்பிட்டு, மாமாவுக்கு ஒரு வரி எழுது என்பார். நான் எழுதினேன். மாமா சுகமா என்று எழுதினேன். பாடசாலைக்குப் போகும் வழியில் தபாலில் போடச் சொல்லித் தருவார். அப்பா வாசலுக்கு வெளியே நின்று என்னிடம் அதை வாங்கித் தன் உள்சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். தொழிற்சாலையில் தன் அலுமாரியில் பூட்டி வைத்திருந்தாராம். அந்தத் தொழிற்சாலை இப்போது இல்லை. அந்தக் கடிதங்கள் என்னவாயின என்று யாருக்கும் தெரியாது.

நான் ஒருத்தியிடம் மட்டும் சொன்னேன். நிலக்கீழ் அறையில், உடுப்புத் தோய்க்கும் மெசின்கள் ஓடும் சத்தத்துக்குள், மேல்வீட்டுச் சிநேகிதியிடம். அவள் தன் கையுறையில் ஒன்றைக் கழற்றி எனக்குத் தந்தாள். எதற்கென்று இருவருக்கும் தெரியாது. நான் வாங்கிப் போட்டுக்கொண்டேன். அவள் தன் தாயிடம் சொல்லிவிட்டாள்.

அன்ரி முதலில் அப்பாவிடம்தான் போனார். படிக்கட்டில் அப்பாவை மறித்து, மகளை வைத்துக்கொண்டு கதைத்தார். அப்பாவுக்கு ஓரளவு டெனிஷ் விளங்கும். முகாமில் என் கணவர் இறந்ததைப் பதினொரு நாள் என்னிடம் மறைத்தார்கள், அந்தப் பதினொரு நாளும் நான் அவருக்குச் சமைத்து மூடி வைத்தேன், இறந்ததைக்கூட மன்னித்துவிட்டேன், அந்தச் சாப்பாட்டை மன்னிக்க முடியவில்லை, உன் மனைவி கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறாள், சொல்லிவிடு என்றார். எங்கள் வீட்டு விசயம், நீங்கள் தலையிட வேண்டாம் என்று அப்பா சொல்லிவிட்டு இறங்கிப் போனார். இதையெல்லாம் சிநேகிதி எனக்குப் பின்னால் சொன்னாள்.

அன்ரி மூன்று கிழமை பொறுத்திருந்தார். டிசம்பரில் ஒரு சனிக்கிழமை, அப்பா வேலைக்குப் போயிருந்த பின்னேரம், கோப்பிச் சட்டியும் கொப்பியுமாக வந்தார். சிநேகிதி என் முகத்தைப் பார்க்கவில்லை. அம்மா வயிற்றில் கையை வைத்துக்கொண்டு கதிரையில் சாய்ந்திருந்தார். யன்னலுக்கு வெளியே பின்னேரம் நாலு மணிக்கே இருட்டிக்கொண்டு வந்தது.

உனக்காக ஒன்று எழுதியிருக்கிறேன் என்று அன்ரி சொன்னார். அது டெனிஷாகி, தமிழாகி அம்மாவிடம் போனது. அம்மாவுக்கு வெட்கம் கலந்த சந்தோசம். தன் பெயருக்கு யாரும் கவிதை எழுதியதில்லை என்றார்.

அன்ரி முதல் வரியை வாசித்தார். சிநேகிதி குனிந்து மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். பாண் வாங்கப் போன தம்பி இன்னும் வரிசையில் நிற்கிறான்.

அம்மா என்னைப் பார்த்தார். நான் அம்மாவின் வயிற்றைப் பார்த்தேன்.

"கடலுக்குப் போன தம்பி இன்னும் தண்ணிக்குள்ள நிக்கிறானாம்," என்றேன்.

அம்மா சிரித்தார்.

அன்ரி அடுத்த வரிகளை வாசித்தார். முன்னால் நின்றவர்களும் போய்விட்டார்கள், பின்னால் நின்றவர்களும் போய்விட்டார்கள், கடையும் போய்விட்டது என்று சிநேகிதியின் குரல் தடுமாறியது. எல்லாரும் கரையேறிவிட்டார்கள், இவன் மட்டும் ஏறவில்லை என்று நான் சொன்னேன். அக்கா, அவனுக்குக் கடிதம் எழுதாதே என்றாள். அக்கா, அவனைக் கூப்பிடாதே, அவன் நீந்தட்டும் என்றேன். அதற்குப் பிறகும் நாலைந்து வரி இருந்தது. என் காதில் ஒன்றும் விழவில்லை. வெயில், மீன், வெள்ளைப் பறவை என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். எனக்கு நன்றாக வந்தது. அதுதான் எனக்கு இன்றுவரை கூசுகிறது.

அம்மாவுக்குக் கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்குச் சிரிப்பு. "எங்கட தம்பியை இவ கண்டவவே? அச்சொட்டா அவன்தான் பிள்ளை. அலையில கால் பட்டா அவனுக்கு வீடு இல்லை. இன்னொருக்கா வாசிக்கச் சொல்லு."

நான் அதை டெனிஷில் சொல்லவில்லை. சொல்லவும் தேவைப்படவில்லை. அன்ரி அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். கொப்பியை மூடினார். குடிக்காத கோப்பியை அப்படியே விட்டுவிட்டு, அம்மாவின் தோளை ஒருமுறை தொட்டுவிட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு மேலே போனார்.

பெப்ரவரியில் தம்பி பிறந்தான். நல்ல நிறை, நல்ல சத்தம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பின் சொல்கிறேன் என்றார் அப்பா. பிறகு முப்பத்தோராம் நாள் துடக்குக் கழியட்டும் என்றார். முப்பத்தொன்றுக்கு வேறு ஊரிலிருந்து குழந்தை பார்க்க வந்த ஒரு தமிழ் மனுசி, அம்மாவைக் கட்டிப்பிடித்து, தம்பி போன வீட்டில் தம்பி வந்து பிறந்திருக்கிறான், மனதைத் தேற்றிக்கொள் என்று சொல்லிவிட்டார்.

அந்த நாளின் மிச்சத்தை நான் எழுதப்போவதில்லை. அம்மா அப்பாவைப் பார்த்து யார் யாருக்குத் தெரியும் என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார். அப்பா தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தெரியாமல், மேல்வீட்டு மனுசிகூடச் சொல்லச் சொன்னவ, நான்தான் கேட்கவில்லை என்றார். என் பெயரை அவர் சொல்லவில்லை.

அடுத்த நாள் நான் பாடசாலை விட்டு வந்ததும் அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேலே ஏறினார். பச்சை உடம்பு, படியில் இரண்டு தரம் நின்று மூச்சு வாங்கினார். அன்ரி கதவைத் திறந்தார். பின்னால் சிநேகிதி.

"கேள் இவவிட்ட," என்றார் அம்மா. "என்ர தம்பி செத்தது தெரிஞ்சுகொண்டு, கடல் எண்டும் பறவை எண்டும் பாட்டுக் கட்டி என்னைச் சிரிக்க வைச்சவவோ? என்ர மேசையில இருந்து என்ர முகத்தைப் பாத்துக்கொண்டு?"

அம்மா என் தோளை உலுக்கினார். நான் அதை டெனிஷில் சொன்னேன். ஒரு சொல்லும் மாற்றாமல் சொன்னேன். இன்னொரு பொய் கட்ட என்னிடம் பலம் இருக்கவில்லை.

என்ன கடல் என்று சிநேகிதி என்னிடம் கேட்டாள். அதில் கடலே இல்லையே என்றாள்.

நான் நிலத்தைப் பார்த்தேன். அவள் தாயின் பக்கம் திரும்பி அரபியில் சொன்னாள். அன்ரி என்னைப் பார்த்தார். பிறகு சின்னதாக ஏதோ சொன்னார். மகள் தலையாட்டி மறுத்தாள். அன்ரி அதையே இன்னொருமுறை, இன்னும் மெதுவாகச் சொன்னார். மகள் அழுதுகொண்டு அதை டெனிஷில் என்னிடம் சொன்னாள். நான் தமிழில் அம்மாவிடம் சொன்னேன்.

"ஓமாம். தன்னை மன்னிக்கட்டாம்."

அம்மா திரும்பி இறங்கினார். அதற்குப் பிறகு அந்த இரண்டு பெண்களும் கதைக்கவில்லை. பிரசவ விடுப்பு முடிந்து வேலைக்குப் போனபோது அம்மா வேறு பகுதிக்கு மாற்றித் தரும்படி கேட்டு வாங்கினார். குளிர்சாதனப் பெட்டியிலிருந்த பத்திரிகைப் படத்தைக் கிழித்தது அம்மாவா அப்பாவா என்று தெரியாது. சிநேகிதி வகுப்பில் வேறு கதிரைக்குப் போனாள். கோடை விடுமுறையில் அவர்கள் ஓகூஸ் நகரத்துக்கு வீடு மாறினார்கள். சாமான் ஏற்றிய வாகனத்தை நான் யன்னல் சீலைக்குப் பின்னால் நின்று பார்த்தேன்.

வளர்ந்த பிறகு அன்ரியின் பெயரை இரண்டு மூன்று இடத்தில் கண்டேன். நான் ஓகூசில் ஆய்வுகூட வேலை படித்த நாட்களில் பல்கலைக்கழகச் சுவரில் அவருடைய கவிதை வாசிப்புக்கான ஒரு துண்டுப் பிரசுரம் ஒட்டியிருந்தது. பெய்ரூத்தில் அவருடைய புத்தகங்கள் வந்திருக்கின்றன, அரபு வாசிப்பவர்கள் நடுவில் அவரைத் தெரியாதவர்கள் குறைவு என்று அதில் இருந்தது. அவர் அப்போதும் ஒரு பராமரிப்பு இல்லத்தில் துணி தோய்க்கும் பகுதியில் வேலை செய்துகொண்டிருந்தார். வாசிப்புக்குப் போனேன். கடைசி வரிசையில் இருந்தேன். அவர் டெனிஷில் தானே பேசினார், உடைந்த டெனிஷ், பயமில்லாத டெனிஷ். பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் யாரும் இல்லை. கூட்டம் முடிவதற்குள் எழுந்து வந்துவிட்டேன். தமிழ் மொழிபெயர்ப்பாளர் தேவை என்று ஆஸ்பத்திரியில் பலமுறை கேட்டும் நான் ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு நேரமில்லை என்றேன்.

காசாவில் இந்தப் போர் தொடங்கிய பிறகு அவருடைய கவிதைகள் என் தொலைபேசிக்கே வந்தன, யார் யாரோ டெனிஷில் ஆக்கிப் பகிர்ந்தார்கள். எண்பதை நெருங்கிய மனுசி, குளிருக்குள் சதுக்கத்தில் நின்று வாசிக்கும் காணொளி ஒன்று. வரவர வரிகள் குறைந்துகொண்டு போயின. கடைசி மாதங்களில் அவர் கவிதை எழுதவில்லை, அங்கே இறந்த சொந்தக்காரரின் பெயர்களையும் வயதையும் மட்டும் எழுதினார். ஒரு வயது, நாலு வயது, அறுபது வயது. அதுவும் பிறகு நின்றுவிட்டது.

போன மாசி மாதம் சிநேகிதி என்னைத் தேடிப் பிடித்து அழைத்தாள். தாய் ஆஸ்பத்திரியில் போய்விட்டார் என்றாள். முப்பத்தைந்து வருடத்துக்குப் பிறகு கேட்ட குரல், வா என்று மட்டும் சொன்னது. நான் கொப்பன்ஹேகனிலிருந்து ரயில் ஏறினேன்.

அடக்கம் முடிந்து அவள் வீட்டுக்கு வந்தோம். சனம் போன பிறகு இரண்டு பேரும் குசினியில் இருந்தோம். நான் சொல்ல வந்ததைச் சொல்லத் தொடங்கினேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். எல்லாம் தெரியும் என்றாள். அன்றைக்கே தெரியும், கவிதை வாசித்த அன்றைக்கே. அந்தக் கவிதையைக் கேட்டு ஓர் அக்கா சிரிக்க மாட்டாள் என்று படியேறும்போதே என் அம்மா சொன்னா. பிறகு வீட்டுக்குள் போய்த் தன் நெற்றியில் அடித்துக்கொண்டு, ஒரு சாவை இரண்டு குழந்தைகளின் நாக்கில் ஏற்றி அனுப்பினேனே, எனக்கு என்ன பிடித்தது என்று அழுதா. அடுத்த திங்கட்கிழமை டெனிஷ் வகுப்பில் சேர்ந்தா. அதற்குப் பிறகு ஒருநாளும் என்னை மொழிபெயர்க்க விட்டதில்லை, அன்று கதவடியில் நின்ற அந்த ஒரு நாளைத் தவிர.

அந்த மன்னிப்பு என்றேன் நான்.

அவள் கோப்பையைத் தள்ளி வைத்தாள். அன்று தானும் ஒரு சொல்லை விட்டுவிட்டுத்தான் சொன்னதாகச் சொன்னாள். அம்மா சொன்னது, என்னை மன்னித்துவிடு மகளே என்று. உன் அம்மாவை அவ எப்போதும் சகோதரி என்றுதான் கூப்பிடுவா. அந்த மகளே உனக்கு. எனக்கு உன்மேல் இருந்த கோபத்தில் அதை உனக்குத் தர மனம் வரவில்லை.

கறுப்பு மட்டைக் கொப்பி வீடு மாறும்போது தொலைந்துவிட்டது. அந்தக் கவிதையை அன்ரி திரும்ப எழுதவும் இல்லை, எந்தப் புத்தகத்திலும் சேர்க்கவும் இல்லை. அது ஒருத்திக்காக எழுதியது, அவளிடம் போய்ச் சேரவில்லை என்பாராம். சிநேகிதிக்கு அரபு வரிகள் மறந்துபோயிருந்தன. பதினொரு வயதில் தான் சொன்ன டெனிஷ் மட்டும், இலக்கணப் பிழையோடு, வரிக்கு வரி நினைவிருந்தது. அவள் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டேன்.

அம்மா கொப்பன்ஹேகனுக்குப் பக்கத்தில் புரொண்பியில் இருக்கிறார். அப்பா காலமாகி ஆறு வருடம். தம்பியின் வீடு பக்கத்துத் தெருவில். ரயிலால் இறங்கி நேரே அம்மாவிடம் போனேன். அவர் மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தார். முன்னால் இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா கத்தியை வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும், அவ என்ன எழுதினவ, அதைச் சொல்லு என்றார்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தாளைப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாகத் தமிழில் சொன்னேன்.

பாண் வாங்கப் போன தம்பி
இன்னும் வரிசையில் நிற்கிறான்.
முன்னால் நின்றவர்களும் போய்விட்டார்கள்,
பின்னால் நின்றவர்களும் போய்விட்டார்கள்,
கடையும் போய்விட்டது.
அக்கா, அவனுக்குக் கடிதம் எழுதாதே.
ஒரு பாணை வெட்டி மேசையில் வை,
நான் வருகிறேன், சேர்ந்து சாப்பிடுவோம்.
உப்புப் போதாது என்று கவலைப்படாதே,
நாங்கள் இரண்டு பேர் இருக்கிறோம்.

அம்மா அழவில்லை. "அண்டைக்கே சொல்லியிருந்தா நான் அவவோட இருந்து அழுதிருப்பன்," என்றார். "ஆரோடயும் இருந்து அழேல்லை நான். உன்ர அப்பாவோடயும் இல்லை." அதற்குப் பிறகு எழுந்து அறைக்குள் போனார். மூன்று நாள் என் அழைப்பை எடுக்கவில்லை.

நாலாம் நாள் நான் போனபோது, அம்மா மேல்சட்டையைப் போட்டுக்கொண்டு, தலை வாரி, வெளியே போகிறவர் போல வரவேற்பறையில் இருந்தார். அந்தப் பிள்ளைக்குப் போன் அடி என்றார். நான் ஓகூசுக்கு அழைத்தேன். சிநேகிதி எடுத்தாள். அம்மா கதைக்க வேண்டுமாம் என்று அவளிடம் சொல்லிவிட்டு, மூன்று பேருக்கும் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டி, தொலைபேசியை நடுவில் பிடித்து, அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் சொல்லத் தொடங்கட்டும், நான் டெனிஷில் சொல்கிறேன் என்று.

அம்மா அதை என் கையிலிருந்து எடுத்தார்.

"நீ விடு பிள்ளை. நானே கதைக்கிறன்."

மீன் தொழிற்சாலையில் பழகிய நாலு டெனிஷ் சொல்லோடு, சத்தத்தைக் குறைத்துக் காதில் வைத்துக்கொண்டு, அவர் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.